வாசல் என்பது கதவா, கதவுக்கு முன்னுள்ள மண்ணா?

கேள்வி இதுதான்: ‘வாசலில் கோலம் போடு’ என்றால் வாசல் தரையாகிறது, ‘வாசலில் நிற்காதே’ என்றால் நிலைப்படியாகிறது, ‘வடக்கு வாசல் வீடு’ என்றால் திசையாகிறது, ‘பள்ளிவாசல்’ என்றால் ஒரு முழுக் கட்டடமே ஆகிவிடுகிறது. இவற்றுள் எது உண்மையான பொருள்? இச்சொல் ‘வாசம்’ என்பதிலிருந்து வந்ததா, ‘தர்வாசா’வின் சுருக்கமா? மேலும், குடியிருப்பு ஒன்றின் பலகையில் ‘கிழக்கு வாசல் (கதவு எண் 1)’ என்று எழுதியிருப்பதில் ‘வாசல்’ பிழை, ‘வாயில்’ என்பதே சரி என்று ஒருவர் வாதாடுகிறார். அவர் சொல்வதை ஏற்கலாமா?

முதலில் அந்த இரண்டு ஊகங்களையும் ஒதுக்கிவிடலாம். ‘தர்வாசா’ பாரசீகச் சொல். அதில் உயிரான பகுதி ‘தர்’ என்னும் முற்பகுதிதான்; கதவு என்பது அதன் பொருள். வடமொழியின் ‘துவார’மும் ஆங்கிலத்தின் ‘டோர்’ என்பதும் அதற்கு உடன்பிறந்தவை. நம் சொல்லின் உயிரோ ‘வா’வில் இருக்கிறது. ஆகவே ‘தர்வாசா’வின் கடைசி இரண்டு எழுத்தைக் கொண்டு உறவு கொண்டாடுவது பொருந்தாது. (துவாரம் தமிழுக்கு வந்து ஓட்டை என்ற அளவுக்குச் சுருங்கிப்போனது வேறு கதை. கருவறைக்கு இருபுறமும் தண்டூன்றி நிற்கும் துவாரபாலகர் மட்டுமே அதன் பழைய பெருமையைக் காத்துவருகிறார்கள்.) ‘வாசம்’ என்னும் குடியிருப்புப் பொருளும் இங்கே உதவாது. ஏனெனில் பழந்தமிழில் நமக்குக் கிடைக்கும் வடிவம் வாயில். அதில் ‘ச’ என்ற எழுத்தே இல்லை.

வாயில் என்பது வாய், இல் என்னும் இரு சொற்களின் சேர்க்கை. இல்லுக்கு வாய் எதுவோ அது வாயில். முறைப்படி ‘இல்வாய்’ என்று நிற்க வேண்டியது, முன்பின்னாக மாறி ‘வாயில்’ என்று வழங்குவதால் இலக்கணத்தார் இதனை இலக்கணப்போலி என்பார்கள். இல்முன் என்பது முன்றில் ஆனதும், கண்கடை என்பது கடைக்கண் ஆனதும் இதே வகை. உழவர் வாயில் கால்வாயும் வாய்க்காலும் இரண்டுமே வழங்குவதைக் கேட்டிருப்பீர்கள். அங்கே இரண்டு வரிசையும் பிழைத்துக்கொண்டன, இங்கே ஒன்றுதான் பிழைத்தது.

இந்தப் பெயரீட்டில் ஒரு நுட்பம் உண்டு. வாய் என்பது பொருளன்று; திறப்பு. கதவை மரத்தால் செய்யலாம், நிலையைக் கல்லால் நாட்டலாம், படியைச் செங்கல்லால் கட்டலாம். ஆனால் வாயிலை எதனாலும் செய்ய முடியாது. சுவரைக் கட்டும்போது கட்டாமல் விட்ட இடமே வாயில். வெற்றிடத்துக்கு இட்ட பெயர் ஆகையால், பக்கத்தில் எது இருந்ததோ அதன்மேல் எல்லாம் அது எளிதில் போய் ஒட்டிக்கொண்டது. நீங்கள் கேட்ட அத்தனை பொருள் வேறுபாடுகளுக்கும் வேர் இதுதான் என்பது என் கருத்து.

வீட்டுக்கு உடம்பின் பெயர்களை வைப்பது நம் தச்சருக்கும் கொத்தனாருக்கும் புதிதன்று. வீட்டின் முன்பகுதி முகப்பு. பெரிய வாசல் தலைவாசல். நிலையின் நெடுமரம் வாசற்கால், பேச்சில் வாசக்கால். கீல் வருவதற்கு முன் கதவு சுழன்ற முளைக்குப் பெயர் குடுமி. முகம், தலை, கால், குடுமி என்று எல்லாம் இருக்கும் உடம்புக்கு வாய் இல்லாமல் போகுமா?

அண்டை மொழிகளிலும் இச்சொல் உண்டு. தெலுங்கில் வாகிலி, கன்னடத்தில் பாகிலு, மலையாளத்தில் வாதில். கன்னடத்தில் வாய்க்குப் ‘பாயி’ என்று பெயர். எனவே அங்கும் வாய்க்கும் பாகிலுக்கும் உள்ள உறவு கண்ணுக்குத் தெரிகிறது. கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில் உள்ள முள்பாகல் என்னும் ஊருக்கும் முள்ளுக்கும் தொடர்பில்லை. ‘மூடல பாகிலு’, அதாவது கிழக்கு வாசல் என்பதே அப்படிக் குறுகியது. ஆனால் இந்த நான்கு மொழிகளிலும் சொல் ஒரே திசையில் நடக்கவில்லை என்பதுதான் சுவையான செய்தி. கன்னடத்தாரும் மலையாளத்தாரும் பாகிலையும் வாதிலையும் ‘சாத்து’ என்று சொல்ல முடியும். அங்கே சொல் திறப்பிலிருந்து கதவுப் பலகைக்கு ஏறிவிட்டது. தமிழிலோ வாசலைச் சாத்துவதில்லை, வாசற்கதவைத்தான் சாத்துகிறோம். நம் சொல் கதவுக்கு ஏறாமல் படியிறங்கி வெளியே மண்ணுக்குப் போனது. தெலுங்கு இதில் நமக்குத் துணை: அவர்களும் வாகிலியில்தான் முக்கு, அதாவது கோலம், போடுகிறார்கள், நாம் ‘வீடு வாசல்’ என்று சேர்த்துச் சொல்வதைப் போலவே அவர்களும் ‘இல்லு வாகிலி’ என்கிறார்கள்.

இனி ‘ய’ எப்படிச் ‘ச’ ஆயிற்று என்பது. உயிர் பேச்சில் உசிர் ஆகிறது. மயிர் மசிர் ஆகிறது. முயலை முசல் என்கிறார்கள். அயலூர்க்காரன் அசலூர்க்காரன் ஆகிறான். இந்த வரிசையில் வைத்தால் வாயில் வாசல் ஆனதில் வியப்பில்லை. இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. இத்தகைய இணைகள் எல்லாவற்றிலும் ‘ய’வே மூத்தது என்று கொள்ளக் கூடாது, உயிர் என்பதற்குக் கன்னடத்தில் உசிர் என்றே இருப்பதால், அந்தச் சொல்லில் சகரமே பழமையானது என்று கருத இடமுண்டு. ஆனால் வாசலில் அந்த ஐயத்துக்கு வழியில்லை. வாய் என்ற முதற்சொல் யகரத்தோடு தெளிவாக நிற்கிறது.

பலகைக்காக வாதாடும் நண்பர் இங்கேதான் இடறுகிறார் என்று நினைக்கிறேன். வாசல் என்பது பிற்காலத்துக் கொச்சை என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. 8, 9ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்ததாகக் கருதப்படும் திருப்பாவையில் ஆண்டாள் இரண்டு வடிவத்தையும் ஆண்டிருக்கிறார். 16ஆம் பாசுரத்தில் ‘தோரண வாயில் காப்பானே மணிக்கதவம் தாள்திறவாய்’ என்கிறார். 12ஆம் பாசுரத்தில் ‘நின்வாசற் கடைபற்றி’ என்றும், 21இல் ‘உன்வாசற்கண்’ என்றும் பாடுகிறார். முப்பதே பாட்டுக்குள் இரண்டும் வருகின்றன. 16ஆம் பாசுரத்து அந்த ஓரடியை இன்னொரு முறை படித்துப் பாருங்கள்: வாயில் வேறு, கதவம் வேறு, தாள் வேறு என்று மூன்றும் தனித்தனியே நிற்கின்றன. காப்பது வாயிலை, திறப்பது கதவின் தாளை. சொற்களை இவ்வளவு துல்லியமாகப் பிரித்து ஆளும் ஒருவர், வாசல் என்பதைக் கவனக்குறைவால் எழுதியிருப்பார் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கல்வெட்டிலும் அப்படியே. 1010இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் இரண்டு கோபுரங்களுக்கு அக்காலத்தில் வழங்கிய பெயர்கள் கேரளாந்தகன் திருவாசல், இராசராசன் திருவாசல் என்பன. விமானத்தை அடுத்துப் பக்கவாட்டில் உள்ள நுழைவுக்கு அணுக்கன் திருவாசல் என்று பெயர். ஒரு பேரரசன் தன் விருதுப் பெயரையும் அரியணைப் பெயரையும் சூட்டி, முன்னே ‘திரு’ சேர்த்து வழங்கிய சொல்லைக் கொச்சை என்று தள்ளிவிட முடியாது. நாம் இன்று கோபுரம் என்று அண்ணாந்து பார்ப்பதை அவர்கள் வாசல் என்று குறித்திருப்பதும் கவனிக்கத் தக்கது. மேலே எவ்வளவு உயர எழுப்பினாலும், கீழே ஆள் நுழையும் அந்தத் திறப்புக்காகத்தான் அது அங்கே நிற்கிறது.

அதற்கும் முன்பு வாயில் எப்படி இருந்தது என்பதை அறிய நெடுநல்வாடை போதும். அரண்மனை வாயிலை நக்கீரர் வருணிக்கும் இடத்தைத் தச்சர் ஒருவர் படித்தால் அது தம் தொழிற்குறிப்பு என்றே எண்ணிவிடுவார். பருத்த இரும்பால் பிணித்து, சிவந்த அரக்குப் பூசி, இரட்டைக் கதவு பொருத்தியிருக்கிறார்கள். கைதேர்ந்த கம்மியன் இடைவெளி இல்லாதபடி முடுக்கியிருக்கிறான். நெடிய நிலையில் நெய்யும் வெண்சிறு கடுகும் அப்பியிருக்கிறது. நிலைக்கு மேலே கிடக்கும் மரத்தை, ‘நாளொடு பெயரிய கோளமை விழுமரம்’ என்கிறார். நட்சத்திரத்தின் பெயரைக் கொண்ட மரம். எந்த நட்சத்திரம் என்று தேட வேண்டாம், உத்திரம். இன்றும் வீட்டுக் கூரையைத் தாங்கும் மரத்துக்கு அதுதான் பெயர். இவ்வளவையும் சொன்ன பிறகே ‘குன்று குயின்றன்ன ஓங்குநிலை வாயில்’ என்று முடிக்கிறார். மலையைக் குடைந்தது போன்ற வாயில் என்னும்போது, கதவும் நிலையும் உத்திரமும் பின்னுக்குப் போய், குடைந்த வெளி மட்டும் கண்முன் நிற்கிறது. கடுகும் நெய்யும் அப்பிய அந்த வழக்கம், நிலைக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்கும் இன்றைய வழக்கத்துக்கு முன்னோடி என்று சொல்லலாம்.

வாயிலுக்கு ஆள் வேண்டும், அவன் வாயிலோன். அவனை அழைக்கும் குரல் இரண்டு இலக்கியங்களில் ஒரே சொல்லாக ஒலிக்கிறது. அதியமானின் வாயிலில் பரிசில் தரக் காலம் நீண்டதால் சினந்த ஒளவையார் ‘வாயிலோயே வாயிலோயே’ என்று புறநானூற்றில் அழைக்கிறார். பாண்டியனின் வாயிலில் ஒற்றைச் சிலம்போடு நின்ற கண்ணகியும் அதே சொல்லை இருமுறை சொல்லியே தொடங்குகிறாள். ஒருத்திக்கு அது கொடை கேட்கும் இடம், மற்றவளுக்கு நீதி கேட்கும் இடம். கேட்பவர் நிற்க வேண்டிய எல்லையும், கேட்கப்படுபவர் இறங்கிவர வேண்டிய எல்லையும் வாயில்தான். கொடையாளியின் வாயிலை ‘அடையா வாயில்’ என்று பழம்பாடல்கள் புகழ்வதற்கும் இதுவே காரணம். அடைத்தல் என்றால் மூடுதல். மூடாத வாயில் என்று பொருள். நல்லியக்கோடனின் அடையா வாயிலை, பெரிய மலையொன்று கண் விழித்ததைப் போல என்று சிறுபாணாற்றுப்படை சொல்கிறது. வாய் என்று பெயர் பெற்ற ஒன்றைக் கண்ணுக்கு உவமித்த துணிச்சல் எனக்கு எப்போதும் பிடிக்கும்.

அதே அடியில் ‘அருங்கடை குறுகி’ என்றும் வருகிறது. கடை என்பது வாயிலுக்கு மற்றொரு பழம்பெயர். ஆனால் இரண்டும் ஒன்றல்ல: வாயில் திறப்பைச் சொல்கிறது, கடை விளிம்பைச் சொல்கிறது. வீடு முடியும் இடம் கடை. கடைசி, கடைக்கண், கடைக்குட்டி, எல்லாவற்றிலும் அந்த விளிம்புப் பொருள்தான். ஆண்டாளின் ‘வாசற்கடை’ என்பது ஒரு பொருளை இருமுறை சொன்னதன்று. திறப்பின் விளிம்பு என்று பொருள்பட நிற்பது. கண்ணகி வாயிலாக இளங்கோவடிகள் கடையின் இரு முகத்தையும் ஒரே மூச்சில் காட்டுவார். ‘வாயிற் கடைமணி நடுநா நடுங்க, ஆவின் கடைமணி உகுநீர் நெஞ்சுசுட’ என்னும் இடத்தில், முதற்கடைமணி அரண்மனை வாசலில் தொங்கும் ஆராய்ச்சி மணி, இரண்டாவது கடைமணி கன்றை இழந்த பசுவின் கண்ணோரத்துக் கருமணி. ஓரிடத்தில் மணி நடுங்குகிறது, மற்றோரிடத்தில் மணியிலிருந்து நீர் வழிகிறது, சொல் ஒன்றுதான். நீதி முறை தவறாத சோழனைப் பாண்டியனுக்கு நினைவூட்டக் கண்ணகி தேர்ந்த சொற்கள் இவை.

கடை இன்று பேச்சில் விற்பனைக் கடையாகவே நிற்கிறது. வாசற்பொருள் ஒரே ஓர் இடத்தில் பதுங்கியிருக்கிறது. அது கொல்லைப்புறத்துக்கு நாம் சொல்லும் புழக்கடை. ‘உங்கள் புழைக்கடைத் தோட்டத்து வாவியுள்’ என்று திருப்பாவையின் 14ஆம் பாசுரம் அதன் முழு வடிவத்தைத் தருகிறது. புழை என்பது சிறு நுழைவு. பெரிய வாசலுக்கு மறுபுறம், குனிந்து போகும் பின்வாசல் புழைக்கடை. புழங்கும் இடம் என்பதால் புழக்கடை என்று சிலர் சொல்வது, பொருத்தமாக இருந்தாலும், பிறகு எழுந்த விளக்கமே.

கடல் கடந்தும் இந்த இணை போயிருக்கிறது என்று நான் கருதுகிறேன். சிங்களத்தில் அரச மாளிகைக்கு வாசல என்று பெயர்; கண்டி அரண்மனையின் முகப்பும் அனுராதபுரத்துத் தாதுகோபங்களின் முன்னே சிற்பங்களோடு நிற்கும் அலங்கார முகப்புகளும் வாகல்கட எனப்படுகின்றன. சகரம் அங்கே ஹகரமாக ஒலிப்பது இயல்பு. ஆகவே ஆண்டாளின் வாசற்கடையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒலியும் பொருளும் நன்றாகவே பொருந்துகின்றன. வாசல் என்றால் அரசன் இருக்கும் இடம் என்ற இந்த வழக்கம் ஆங்கிலேயர் காலம் வரை நீடித்தது. இலங்கையில் ஆளுநர் வழங்கிய பட்டங்களுள் ஒன்று ‘ஆளுநர் வாசலின் முதலியார்’ என்பது. சுருக்கமாகக் கேட் முதலியார் என்பார்கள். அந்தப் பட்டத்தில் உள்ள வாசலில் கதவும் இல்லை, காவலும் இல்லை, ஆட்சி இருக்கிறது. உதுமானியப் பேரரசின் அரசாங்கத்தையே ‘உயர்ந்த வாசல்’ என்று பிற நாட்டுத் தூதர்கள் குறித்ததும் இதே மனப்போக்குதான். பெரியவர் இருக்கும் இடத்தை நேரே சுட்டாமல், அவருடைய வாசலைச் சுட்டி நிறுத்திக்கொள்வது மரியாதை.

பள்ளிவாசலுக்கும் இந்த மரியாதையே விளக்கம் என்பது என் முடிவு. பள்ளி என்பது முதலில் படுக்கை, தங்குமிடம்; பிறகு சமண, பௌத்தத் துறவியர் உறைவிடம்; அதன்பின் கல்வி கற்கும் இடமும் வழிபடும் இடமும். மலையாளத்தில் கிறித்தவக் கோயிலும் பள்ளிதான், முஸ்லிம்களின் தொழுமிடமும் பள்ளிதான். தமிழில் பாடசாலைக்குப் பள்ளிக்கூடம் என்றும் தொழுமிடத்துக்குப் பள்ளிவாசல் என்றும் இரண்டாம் பகுதி வேறுபடுத்திக் காட்டுகிறது. ஆனால் ஏன் வாசல்? திருவாசல் என்று கோயிலைச் சுட்டிய அதே தமிழ், இறையில்லத்தையும் அதன் வாசலால் சுட்டியது. தமிழ் முஸ்லிம்கள் தங்களுக்குள் பேசும்போது ‘பள்ளிக்குப் போய்த் தொழுதுவிட்டு வருகிறேன்’ என்று வாசலை விட்டுவிடுவதும் உண்டு. வைணவர்களுக்கு வைகுண்ட ஏகாதசியன்று திறக்கும் சொர்க்கவாசல் இருக்கிறது. திருவரங்கத்தில் நாழிகேட்டான் வாசல் என்றே ஒன்று உண்டு. வருபவரிடம் பொழுதைக் கேட்டவன் நின்ற வாசல் என்று அப்பெயர் சொல்கிறது. எந்தச் சமயத்தாராயினும் தமிழர் தெய்வத்தை வாசலில்தான் சந்திக்கிறார்கள்.

ஊர்ப்பெயர்களில் இச்சொல்லின் பிடிவாதம் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. மதுரையில் தெற்குவாசல் என்று பேருந்தில் சீட்டு வாங்கிப் போய் இறங்கினால், கண்ணுக்குத் தெரிவது கடைகளும் நெரிசலும்தான். வாசல் எதையும் காண முடியாது. நாயக்கர் கோட்டையின் மதிலும் அகழியும் 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஆட்சியர் பிளாக்பர்ன் காலத்தில் அகற்றப்பட்டன. மதில் போன இடத்தில் வெளிவீதிகள் வந்தன. சுவர் போன பிறகு அதில் இருந்த திறப்புக்கு மட்டும் பெயர் எப்படி நிற்கும் என்று தர்க்கம் பேசலாம், நின்றுவிட்டது. கீழவாசலும் அப்படியே. கோயிலுக்குக் கிழக்கே உள்ள விட்டவாசலில் மட்டும் கல் மிஞ்சியிருக்கிறது. இடிக்காமல் விட்டதால் விட்டவாசல் என்று ஊரார் சொல்வார்கள். சென்னையில் இதே பொருளில் வேறொரு சொல் உறைந்திருக்கிறது: யானைக்கவுனியில் உள்ள கவுனிக்குக் கோட்டை வாசல் என்று பொருள். அந்தப் பக்கம் தினமும் போகிறவர்களில் பலருக்கு அது தெரியாது.

இவ்வளவு நேரமும் வாயிலும் வாசலும் ஒன்றென்றே பேசிவந்தேன். ஆனால் இன்றைய தமிழில் அவை பாகம் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பியாகிவிட்டன. மண்ணும் கல்லும் உள்ள சொத்தை வாசல் எடுத்துக்கொண்டது. கண்ணுக்குத் தெரியாத கருத்துலகம் வாயிலுக்குப் போயிற்று. இந்தப் பிரிவினையின் தொடக்கம் மிகப் பழையது. தலைவனுக்கும் ஊடிய தலைவிக்கும் இடையே தூது செல்பவர்களைத் தொல்காப்பியம் வாயில்கள் என்கிறது. தோழி, தாய், பார்ப்பான், பாங்கன், பாணன், பாட்டி, இளையர், விருந்தினர், கூத்தர், விறலியர், அறிவர், கண்டோர் என்று பன்னிரு வகையினர். பரத்தையிடமிருந்து திரும்பிய தலைவன் தானே நுழைய முடியாது; பாணன் வழியாகத்தான் நுழைய வேண்டும்; ஆகவே பாணனே வாயில். அவனைத் தலைவி உள்ளே விடாமல் திருப்பி அனுப்பினால் அந்தத் துறைக்கு வாயில் மறுத்தல் என்று பெயர். ஆள் ஒருவனைத் திறப்பு என்று அழைத்த இந்தத் துணிவு இருந்ததால்தான், திருவள்ளுவர் ஆறாவது குறளில் ஐம்பொறிகளைப் ‘பொறிவாயில்’ என்று சொல்லவும், திருவாசகம் உடம்பை ‘ஒன்பது வாயிற் குடில்’ என்று சொல்லவும் முடிந்தது. அந்தப் பாதையில் வந்ததே ‘கடிதத்தின் வாயிலாக’, ‘நாளிதழ் வாயிலாக’ என்று நாம் எழுதும் வாயிலாக. மின்னணுவியல் பாடத்தில் வரும் தர்க்க வாயில்களும் அதே கிளைதான். இவற்றில் எதிலும் வாசலைப் போட்டு எழுத முடியாது. ‘கடிதத்தின் வாசலாக’ என்றால் சிரிப்பு வரும்.

விதிவிலக்காக இரண்டைச் சொல்ல வேண்டும். இணையத்தில் ஒரு துறைக்கான நுழைவுப் பக்கத்துக்குத் தமிழ் விக்கிப்பீடியாவினர் வலைவாசல் என்று பெயர் வைத்தார்கள். கருத்துலகத்தில் வாசல் துணிந்து கால் வைத்த இடம் அது. மற்றொன்று திருமூலருடையது. ‘உள்ளம் பெருங்கோயில் ஊனுடம்பு ஆலயம்’ என்று தொடங்கி, ‘வள்ளற் பிரானார்க்கு வாய்கோ புரவாசல்’ என்கிறார். வீட்டின் திறப்புக்கு முகத்தின் வாய் தன் பெயரைக் கடன் கொடுத்தது; திருமூலர் அந்தக் கடனை வட்டியோடு வாங்கி, முகத்தின் வாய்க்கு வாசல் என்ற பெயரைத் திருப்பித் தந்துவிட்டார். சொல்லின் பிறப்பை அறிந்து செய்தாரோ, அறியாமல் செய்தாரோ, வட்டம் முழுமையாயிற்று.

கோலம் போடும் வாசலுக்கு இப்போது வரலாம். காவிரிக் கரையூர்களின் பழைய வீட்டில் தெருவிலிருந்து உள்ளே போகும் வரிசை வாசல், திண்ணை, ரேழி, கூடம், முற்றம், தாழ்வாரம், அடுக்களை, கொல்லை என்று செல்லும். ரேழி என்பது இடைகழியின் சிதைவு. திருக்கோவலூரில் மழைக்கு ஒதுங்கிய முதலாழ்வார் மூவரும் நெருக்கியடித்து நின்றது அத்தகைய ஓர் இடைகழியில்தான். இந்த வரிசையில் வாசல் என்பது திண்ணைக்கும் தெருவுக்கும் நடுவில் உள்ள நிலம். பட்டாவில் பெரும்பாலும் அது தெருவைச் சேர்ந்தது. ஆனால் விடியுமுன் சாணம் தெளித்துப் பெருக்கிக் கோலமிடுபவர் அந்த வீட்டுப் பெண். உரிமை தெருவுக்கும் பொறுப்பு வீட்டுக்குமாக இருந்த அந்தச் சிறு நிலத்துக்கு வேறு பெயர் தேவைப்படவில்லை; அதை நோக்கித் திறந்த திறப்பின் பெயரே போதுமானதாயிற்று. யாழ்ப்பாணத்தில் இந்த இடத்தை முற்றம் என்கிறார்கள். அங்கே வீட்டைச் சுற்றி வளவும் வேலியும் இருப்பதால் வீட்டின் முன்வெளி தெருவில் கலப்பதில்லை. தெருவை எதிர்கொள்வது வேலியில் உள்ள படலை. தஞ்சாவூர்க்காரருக்கு முற்றம் வீட்டுக்குள்ளே வானம் தெரியும் இடம், யாழ்ப்பாணத்தாருக்கு அது வீட்டுக்கு வெளியே. இரு தரப்பும் சொல்வது சரி. வீடு கட்டிய முறைதான் வேறு.

‘வடக்கு வாசல் வீடு’ என்பது இவை எல்லாவற்றையும்விட எளியது. தலைவாசல் எந்தத் திசையைப் பார்க்கிறதோ அந்தத் திசை வீட்டுக்கே பெயராகிறது. மனை விளம்பரங்களில் இச்சொல்லுக்குக் கிடைக்கும் விலை வாஸ்துக்காரர்கள் தந்தது. மொழிக்கு அதில் பங்கில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பில் இது வேடிக்கையாகிவிடுகிறது. மின்தூக்கிக்கும் கதவுக்கும் நடுவே மூன்றடித் தரையோடுதான் அங்கே வாசல். தெளிக்க வழியில்லை, கோலத்துக்கு ஒட்டுப்படம் வந்துவிட்டது. ஆனாலும் செருப்பை எங்கே விட்டாய் என்று கேட்டால், வாசலில் என்றுதான் பதில் வருகிறது.

எனவே உண்மையான பொருள் எது என்று ஒன்றைச் சுட்டச் சொன்னால், பிறப்பில் அது திறப்பு. வழக்கில் அந்தத் திறப்பை ஒட்டிய எதுவும். கதவு மட்டும் எக்காலத்திலும் தமிழில் வாசல் ஆகவில்லை. பலகையைப் பொறுத்தவரை, ‘கிழக்கு வாசல்’ என்று இருப்பதை அப்படியே விட்டுவிடலாம். மதுரையின் தெற்குவாசலும் தஞ்சையின் கீழவாசலும் அதற்குச் சான்று. நண்பர் வற்புறுத்தினால் ‘கிழக்கு வாயில்’ என்று மாற்றினாலும் பிழையில்லை. அடைப்புக்குள் ‘கதவு எண் 1’ என்றும் அந்தப் பலகையில் எழுதியிருப்பதாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். திருத்த வேண்டியது அதைத்தான்.